அமெரிக்கப் பெருநகரங்களில் மூன்று கிழமை



2024ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழா முடிந்த இரண்டாவது கிழமை நான் அமெரிக்காவுக்குப் பயணமானேன். நியூயோர்க்கில் குடும்பமாக வாழும் என் பெரியம்மாவின் மகள் பயணச் செலவின் பெரும்பகுதியைத் தானே ஏற்று என்னை அழைத்திருந்தார். மூன்று கிழமையில் நியூயோர்க், சிக்காகோ, வாஷிங்டன் ஆகிய மூன்று நகரங்களையும் பார்த்து வந்தேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் எமது தையல் வகுப்புக்கு விடைபெறச் சென்றேன். அங்கே வருபவர்களில் அநேகர் போரில் கணவரையோ பிள்ளையையோ இழந்தவர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலை தந்து அனுப்பினார்கள்.

“மிஸ், அந்த உயரக் கட்டடங்களைப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றார் ஒருவர்.

“அங்க தைக்கிற பெண்களுக்கு என்ன சம்பளம் எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ” என்றார் இன்னொருவர்.

கடைசியாக, மெசினில் இருந்து எழும்பாமலே ஓர் அம்மா சொன்னார்: “பிள்ளை, அங்கயும் சண்டைக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளையள் இருப்பினம்தானே. அவையின்ர தாய்மார் எங்க போய் அழுகினம் எண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டு வா.”

அந்த அம்மாவின் மகன் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவர். மகனின் படம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்கு மாலை போடவும் இல்லை, விளக்கு வைக்கவும் இல்லை. வகுப்பில் எவரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

இந்த மூன்று கேள்விகளையும் கொண்டுதான் நான் அந்த நகரங்களைப் பார்த்தேன்.

புறப்படுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உறவினர் அழைத்தால் எம்மில் சிலரும் போகக்கூடும். எனவே சில விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விசாவுக்கு இணையவழியில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, கொழும்பிலுள்ள தூதரகத்தில் நேர்முகத்துக்குப் போக வேண்டும். விசா கிடைக்காவிட்டாலும் கட்டிய பணம் திரும்பி வராது. நீங்கள் திரும்பி ஊருக்கு வருவீர்களா என்பதையே அவர்கள் முக்கியமாக அறிய விரும்புவார்கள். தொழில், பிள்ளைகள், காணி முதலியவற்றைப் பற்றி உண்மையைச் சுருக்கமாகச் சொன்னாற் போதும்.

“விசா நிச்சயம் எடுத்துத் தருகிறோம்” என்று எந்த முகவர் சொன்னாலும் நம்பாதீர்கள். விசாவைத் தீர்மானிப்பவர் தூதரக அதிகாரி மட்டுமே. இப்படிச் சொன்னவர்களை நம்பிக் காணி உறுதியையும் தாலிக்கொடியையும் இழந்த குடும்பங்களை என் வேலையில் கண்டிருக்கிறேன்.

கொழும்பிலிருந்து நேரே போகும் விமானம் இல்லை. இடையில் மாறிப் போக ஏறக்குறைய ஒரு முழுநாள் ஆகும். செப்டெம்பரில் நியூயோர்க் நேரம் எமது நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கும். பழங்கள், இறைச்சி, விதைகள் கொண்டுபோய்ச் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மிளகாய்த்தூள், பலகாரம் என்று உணவுப்பொருள் எது பெட்டிக்குள் இருந்தாலும் சுங்க அதிகாரியிடம் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். காலுக்குப் பழகிய சப்பாத்து ஒரு சோடி அவசியம். அந்த நகரங்களை நடந்துதான் பார்க்க வேண்டும்.

நியூயோர்க்: நிலத்தடி ரயிலும் பிள்ளையார் கோயிலும்

அக்காவின் வீடு குயின்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து எங்கே போவதானாலும் நிலத்தடி ரயில்தான். 1904இல் தொடங்கிய இந்தச் சேவையில் இப்போது 470க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. இரவு பகல் எந்நேரமும் ரயில் ஓடும். ஒரு தடவை கட்டணம் கட்டி உள்ளே போய்விட்டால், வெளியே வராமல் எத்தனை ரயிலும் மாறலாம்.

ஆனால், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில் ஒன்று, சில நிலையங்களில் மட்டும் நிற்கும் ரயில் ஒன்று என இரண்டு வகை உண்டு. இதை அறியாமல் இரண்டாம் நாள் நான் தனியே ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த ஸ்பானிய மொழி பேசும் பெண் ஒருவர், ஆங்கிலம் அதிகம் தெரியாதவர், தானும் என்னுடன் இறங்கி எதிர்ப்பக்க ரயிலில் ஏற்றிவிட்டுப் போனார். வேலைக்குப் போகும் அவசரத்திலும் அவர் செய்த அந்த உதவியை நான் மறக்கவில்லை. இரவில் தனியே பயணம் செய்யும் பெண்கள் ரயிலின் நடுப்பெட்டியில் ஏறுவது நல்லது. ரயில் காவலர் அந்தப் பகுதியிலேயே இருப்பார்.

முதல் வெள்ளிக்கிழமை பிளஷிங் என்ற இடத்திலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். 1977 ஜூலை 4ஆம் திகதி கும்பாபிஷேகம் நடந்த கோயில் இது. 2022இல் அந்த வீதியின் ஒரு பகுதிக்குக் கோயிலின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஒரு கன்ரீன் உண்டு. தோசை சுடச்சுடக் கிடைக்கும். சீனர்கள், வெள்ளையர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் நல்லூரில் அர்ச்சனைக்கு ஒரு ரூபாதான் என்று அக்காவின் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

உயரக் கட்டடங்களைப் படம் எடுக்கச் சொன்ன சகோதரிக்காக எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பார்த்தேன். 1931இல் கட்டிய 102 மாடிக் கட்டடம். மேலே ஏறிப் பார்க்கக் கட்டணம் அதிகம் என்பதால் நான் ஏறவில்லை. அதற்குப் பதிலாக ஸ்ரேற்றன் தீவுக்குப் போகும் கப்பலில் ஏறுங்கள். 1997 முதல் அதற்குக் கட்டணமே இல்லை. அதில் போகும்போது உயரக் கட்டடங்கள் அனைத்தும் ஒரே பார்வையில் தெரியும். சுதந்திர தேவி சிலையும் தெரியும். வேலைக்குப் போய்வரும் மக்களோடு நின்று, ஒரு சதம் செலவில்லாமல் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சுதந்திர தேவி சிலை பிரான்சு நாட்டு மக்கள் அளித்த பரிசு. 1886இல் திறக்கப்பட்டது. அதன் காலடிக்கே போக விரும்பினால் பயணச்சீட்டு வாங்க வேண்டும். வீதியில் நின்று விற்பவர்களிடம் வாங்காமல், கரையிலுள்ள சரியான கருமபீடத்தில் வாங்குங்கள். அதே சீட்டில் எலிஸ் தீவுக்கும் போகலாம். சிலையைப் பார்க்காவிட்டாலும் எலிஸ் தீவைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

1892 முதல் 1954 வரை ஏறக்குறைய ஒரு கோடி இருபது இலட்சம் மக்கள் அந்தத் தீவின் வழியாக அமெரிக்காவுக்குள் வந்தார்கள். பசி, கலவரம், வறுமை என்று பல காரணங்களால் ஊரைவிட்டு வந்தவர்கள். அவர்களை வரிசையில் நிறுத்தி மருத்துவர் பார்ப்பார். நோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால், அவர்கள் போட்டிருந்த மேற்சட்டையில் வெண்கட்டியால் ஓர் எழுத்து எழுதிவிடுவார். அந்த எழுத்து விழுந்தவர் வேறு பக்கமாகக் கொண்டுபோகப்படுவார். நூற்றுக்கு இரண்டு பேரளவில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

பதிவு நடந்த அந்தப் பெரிய மண்டபம் இப்போது நூதனசாலை. மூட்டைகள், தகரப் பெட்டிகள், ஒரு பிள்ளையின் சப்பாத்து என்று கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு எங்கள் வீட்டிலிருந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா எடுத்துக்கொண்ட பையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியும். 2009இல் செட்டிக்குளம் முகாம்களில் பதிவுக்காக வரிசையில் நின்ற சகோதரிகளுக்கு அந்த மண்டபத்தை நான் விளக்கத் தேவையில்லை. அங்கே சுற்றுலாப் பயணிகள் அந்த மூட்டைகளுக்கு முன்னால் மெதுவாகப் பேசுகிறார்கள். அவை வெறும் பழைய சாமான்களாக அல்ல, மரியாதைக்குரிய பொருட்களாக வைக்கப்பட்டிருக்கின்றன.

தைக்கும் பெண்களின் தெரு

தையல் சம்பளம் கேட்ட சகோதரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் போயிருந்தபோது நியூயோர்க் நகரில் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 16 டொலர். எங்கள் காசில் கணக்குப் பார்த்தால் பெரிதுதான். ஆனால் வீட்டு வாடகை அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். கடையில் எழுதியிருக்கும் விலைக்கு மேலே வரியும் கட்ட வேண்டும். உணவகத்தில் இருந்து சாப்பிட்டால் பரிமாறியவருக்கு நூற்றுக்கு 15 முதல் 20 வரை சேர்த்துக் கொடுக்க வேண்டும். எனவே டொலரை ரூபாவாக மாற்றிப் பார்த்து ஏங்காதீர்கள்.

இந்தச் சம்பளமும் சட்டமும் சும்மா வரவில்லை. வாஷிங்டன் சதுக்கம் என்ற பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு பத்து மாடிக் கட்டடம் இருக்கிறது. இன்று அது நியூயோர்க் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். 1911இல் அதன் மேல் மூன்று மாடிகளில் பெண்களின் மேற்சட்டை தைக்கும் ‘ட்ரையாங்கிள்’ தொழிற்சாலை இருந்தது. அவ்வருடம் மார்ச் 25ஆம் திகதி, வேலை முடியும் நேரத்தில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடிவரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த இளம்பெண்கள். ஆகச் சின்னவருக்கு 14 வயது.

தீயை வீதியில் நின்று பார்த்தவர்களில் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்ற சமூக சேவையாளரும் ஒருவர். அந்தக் காட்சி அவரை விடவில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1933இல் அமெரிக்காவின் தொழில் அமைச்சரானார். அந்நாட்டின் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதற்பெண் அவரே.

இறந்தவர்களில் ஆறு பேருடைய பெயர் நூறு ஆண்டுகளாகத் தெரியாமலே இருந்தது. அடையாளம் காணாமலே அவர்களை அடக்கம் செய்தார்கள். பழைய பத்திரிகைகளையும் பதிவுகளையும் ஒருவர் விடாமல் தேடி, 2011இல், நூறாவது ஆண்டில், அந்த ஆறு பெயர்களையும் கண்டுபிடித்தார். 2023 ஒக்ரோபர் 11ஆம் திகதி அந்தக் கட்டடத்திலேயே நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. நாடாப் போன்ற நீண்ட உருக்குத் தகட்டில் 146 பெயர்களையும் வெட்டியிருக்கிறார்கள். தகடு தலைக்கு மேலே இருக்கிறது. கீழே உள்ள கறுப்புப் பலகையில் அந்தப் பெயர்கள் பிரதிபலித்துத் தெரிகின்றன. குனிந்து பார்த்தால் பெயருக்குள்ளே வானம் தெரியும்.

ஒவ்வொரு மார்ச் 25ஆம் திகதியும், இறந்த பெண்கள் வாழ்ந்த வீடுகளின் வாசலில் அவர்களுடைய பெயரையும் வயதையும் வெண்கட்டியால் நிலத்தில் எழுதும் வழக்கம் 2004 முதல் இருக்கிறது. நாங்கள் கோலம் போடுவதுபோல வாசலில் குந்தியிருந்து எழுதுவார்கள். மழை வந்தால் அழிந்துவிடும். அடுத்த வருடம் மறுபடி எழுதுவார்கள்.

வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24ஆம் திகதி ரானா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்ததை நினைத்துக்கொண்டேன். வன்னியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன். அவர்களிடம் நான் இப்போது கேட்கும் முதற்கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல. வேலை நேரத்தில் வெளிக்கதவு திறந்திருக்கிறதா என்பதே.

உலக வர்த்தக மையக் கோபுரங்கள் 2001 செப்டெம்பர் 11இல் இடிந்த இடத்தையும் பார்த்தேன். கோபுரங்கள் நின்ற இரண்டு இடங்களிலும் இரண்டு பெரிய தடாகங்கள். நீர் நாற்புறமும் உள்நோக்கி விழுந்துகொண்டே இருக்கும். விளிம்பில் 2,983 பெயர்கள். ஒன்றாக வேலை செய்தவர்கள், சகோதரர்கள், நண்பர்கள் ஆகியோரின் பெயர்களை, குடும்பத்தவர்கள் கேட்டபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய பிறந்தநாள் வந்தால் அவரது பெயரில் ஒரு வெள்ளை ரோசாவைச் செருகிவிடுவார்கள். நான் போன அன்று நான்கு பெயர்களில் ரோசா இருந்தது. நூதனசாலைக்குள் போகக் கட்டணம் உண்டு. வெளியே உள்ள தடாகங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

இன்னொரு விடயம். பெண்களுக்கு இது முக்கியம். நியூயோர்க்கில் பொது மலசலகூடம் தேடி அலைய வேண்டும். நூலகங்களும் நூதனசாலைகளுமே கைகொடுப்பவை. 42ஆம் வீதியிலுள்ள பெரிய பொது நூலகம் 1911இல் திறந்தது. வாசலில் இரண்டு கற்சிங்கங்கள். எவரும் கட்டணமின்றி உள்ளே போகலாம். நான் அங்கே சிறிது நேரம் இருந்தேன். 1981இல் எரிந்த எங்கள் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 புத்தகங்கள் மனதில் வந்தன. குழாய்த் தண்ணீர் அந்த நகரத்தில் நல்ல தண்ணீர். போத்தல் ஒன்று கொண்டுபோனால் காசு மிச்சம்.

சிக்காகோ: எமது வகுப்பைப் போன்ற ஒரு வீடு

நியூயோர்க்கிலிருந்து சிக்காகோவுக்கு ரயிலில் ஏறக்குறைய 20 மணித்தியாலம். பிற்பகலில் ஏறினால் மறுநாள் போய்ச் சேரலாம். கட்டுச்சோறு கொண்டுபோகலாம், எவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் சிக்காகோ என்றால் விவேகானந்தர்தான். 1893 செப்டெம்பர் 11ஆம் திகதி அவர் பேசிய கட்டடம் இப்போது கலைக்கூடமாக உள்ளது. அதற்கு முன்னாலுள்ள வீதியில் அவர் பெயர் எழுதிய பலகை இருக்கிறது. அங்கிருந்து திரும்பும் வழியில், 1897இல் அவர் யாழ்ப்பாணத்துக்கும் வந்து இந்துக் கல்லூரியில் பேசினார் என்பதை இளையவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

அருகிலேயே மிச்சிகன் ஏரி. ஏரி என்றாலும் கண்ணுக்குக் கடல்தான். எங்கள் இலங்கைத் தீவைவிடச் சற்றே சிறிய பரப்பு, முழுவதும் நன்னீர். உவர்க் கிணற்றோடு வாழும் எங்களுக்கு அது ஓர் அதிசயம். நகரத்தின் முன்னால் உள்ள கரையில் கட்டடம் எழுப்பாமல் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று 1836ஆம் ஆண்டு வரைபடத்திலேயே குறித்துவைத்தார்கள். அதை மீற முயன்றவர்களுக்கு எதிராகப் பின்னர் மக்கள் நீதிமன்றம் சென்றும் வென்றிருக்கிறார்கள். அதனால் இன்று ஏழையும் பணக்காரரும் ஒரே கரையில் இருந்து காற்று வாங்குகிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்து, தங்கள் கடற்கரையை முட்கம்பிக்கு வெளியே நின்று பல ஆண்டுகள் பார்த்த சகோதரிகளுக்கு இது புரியும்.

நான் சிக்காகோ போனதற்கு உண்மைக் காரணம் ‘ஹல் ஹவுஸ்’ என்ற வீடு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பரீட்சைக்காக மனனம் செய்த பெயர் அது. 1889இல் ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்ற இரண்டு இளம்பெண்கள், புதிதாக வந்த ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு பழைய வீட்டை எடுத்துக் குடியேறினார்கள். பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை, வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பிள்ளை பராமரிப்பு, மொழி வகுப்பு, தையல் வகுப்பு என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார்கள். பின்னர் அது 13 கட்டடங்களாக வளர்ந்தது. இப்போது இரண்டு கட்டடங்கள் நூதனசாலையாக உள்ளன.

தெருவில் குப்பை அள்ளாததால் பிள்ளைகள் நோயுற்றார்கள். முறைப்பாடு செய்து பயனில்லாமற் போகவே, ஜேன் அடம்ஸ் 1895இல் தானே அந்த வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளர் பதவியை ஏற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னால் போனார். முதலாம் உலகப் போரின்போது, 1915இல், போரை நிறுத்தக் கோரி ஹேக் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்ததும் அவரே. அதற்காகச் சொந்த நாட்டிலேயே ஏச்சு வாங்கினார். 1931இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வந்தேறிய தாய்மாரின் பிள்ளைகள், ஆங்கிலம் பேசத் தொடங்கியதும் தாயைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். இதைக் கண்டு 1900இல் அந்த வீட்டில் ஒரு தொழில் கண்காட்சியைத் தொடங்கினார்கள். தாய்மார் தங்கள் ஊர் முறையில் நூல் நூற்று, நெய்து காட்டினார்கள். பிள்ளைகள் அப்போதுதான் தாயின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். பனையோலைப் பெட்டி இழைக்கும் எங்கள் அம்மாமாரைப் பாடசாலைக்கு அழைத்துப் பிள்ளைகள் முன்னால் இருத்த வேண்டும் என்று அங்கே நின்றபோதே தீர்மானித்தேன்.

வாஷிங்டன்: கறுப்புக் கல்

வாஷிங்டன் நகரம் கையில் பணம் குறைந்தவர்களுக்கு ஏற்ற நகரம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நூதனசாலைகள் அங்கே பல உள்ளன. எதற்கும் கட்டணம் இல்லை. நடுவிலுள்ள நீண்ட புற்றரையில் நடந்தால் லிங்கன் நினைவாலயத்துக்குப் போகலாம். 1963 ஓகஸ்ட் 28ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் மக்கள் முன்னிலையில் பேசிய படிகள் அவை.

அந்தப் படிகளில் இருந்து சில நிமிட நடைதூரத்தில்தான் அம்மா கேட்ட இடம் இருந்தது.

வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினருக்கான நினைவுச் சுவர் 1982 நவம்பர் 13ஆம் திகதி திறக்கப்பட்டது. அதை வரைந்தவர் மாயா லின். அப்போது 21 வயது மாணவி, சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். 1,421 பேர் போட்டியிட்டதில் அவரது வரைபடம் தெரிவானது. சிலையும் இல்லை, கோபுரமும் இல்லை. நிலத்தைச் சரித்து வெட்டி, அந்த வெட்டில் பதித்த கறுப்புக் கற்சுவர். தொடக்கத்தில் முழங்காலளவுகூட இல்லை. நடக்க நடக்க உயர்ந்து, நடுவில் பத்து அடியாகி, மறுபடி தாழ்ந்து முடிகிறது. அந்தக் கல் இந்தியாவில் பெங்களூரிலிருந்து போனது.

58,000க்கு மேற்பட்ட பெயர்கள். பதவி எழுதவில்லை. அகர வரிசையும் இல்லை. இறந்த நாளின் ஒழுங்கில் எழுதியிருக்கிறார்கள். ஒரே நாளில் இறந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். எட்டுப் பெண்களின் பெயர்களும் உள்ளன. அவர்கள் தாதியர். பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சுவரின் அருகே பதிவுப் புத்தகம் உண்டு. தாளைப் பெயரின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, பெயரை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நான் பார்க்கும்போது வயதான பெண் ஒருவர் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்து முடித்ததும் தாளை மடிக்காமல், நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். கல் கண்ணாடிபோல மினுங்குவதால் அவரது முகம் அந்தப் பெயரின் மேல் தெரிந்தது.

சுவரில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிறிய அடையாளம் ஒன்று இருக்கும். இறப்பு உறுதியானவருக்குச் சாய்சதுரம். காணாமற்போனவருக்குச் சிலுவை போன்ற கூட்டல் குறி. பின்னர் எலும்போ வேறு தடயமோ கிடைத்து உறுதியானால், கூட்டல் குறியைச் சாய்சதுரமாக மாற்றிச் செதுக்குவார்கள். காணாமற்போனவர் உயிரோடு திரும்பி வந்தால், கூட்டல் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள் என்பது விதி.

அதைக் கேட்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அருகே புல்லில் இருந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் போரில் இலட்சக்கணக்கான வியட்நாம் மக்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் அந்தச் சுவரில் இல்லை. ஒரு நாடு தன் பிள்ளைகளை நினைப்பதும் மற்றவருடைய பிள்ளைகளை மறப்பதும் ஒரே இடத்தில் நடப்பதைக் கண்டேன். எந்தச் சுவரையும் பார்க்கும்போது, எழுதப்படாத பெயர் யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

திரும்பி வந்தபின்

ஊருக்கு வந்து வகுப்பில் படங்களைக் காட்டினேன். கட்டடங்கள், கப்பல், பிள்ளையார் கோயில், மிச்சிகன் ஏரி எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தார்கள். தையற் பெண்களின் கதையைச் சொன்னபோது எவரும் பேசவில்லை. பின்னர் ஒருவர் எழும்பிப் போய், வகுப்பின் பின்கதவுக்குக் குறுக்கே வைத்திருந்த துணிமூட்டையை இழுத்து ஓரமாக வைத்தார்.

கறுப்புச் சுவரைப் பற்றி அந்த அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். சாய்சதுரத்தைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். வட்டத்தைப் பற்றிச் சொன்னதும் தையலை நிறுத்திவிட்டார்.

“வட்டம் போட இடம் விட்டிருக்கினமோ பிள்ளை?”

“ஓம் அம்மா. விட்டிருக்கினம்.”

எமது நாட்டிலும் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள், ஆள் காணவில்லை என்பதை உறுதிசெய்யும் சான்றிதழைப் பெறலாம். இறந்துவிட்டார் என்று கையெழுத்திடாமலே சில அலுவல்களைப் பார்க்க அது உதவும். அதை எடுப்பதா விடுவதா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. எடுத்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் பல தாய்மாருக்கு உண்டு. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் கேட்டதும், பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற பதிலைத்தான். ஆனால் எந்தப் பதிலைக் கேட்பதற்கும் விபரம் எழுத்தில் இருக்க வேண்டும். நியூயோர்க்கில் அந்த ஆறு பெண்களின் பெயர் நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் கிடைத்தது, எங்கேயோ ஒரு தாளில் யாரோ எழுதி வைத்திருந்ததால்தான்.

இதை வகுப்பில் சொன்னேன். அடுத்த கிழமை அந்த அம்மா ஒரு புதிய கொப்பியுடன் வந்தார். தனக்கு எழுத்து நேராக வராது, நீயே எழுது என்றார். மகனின் முழுப்பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், கையிலிருந்த தழும்பு, கடைசியாகப் போட்டிருந்த சேட்டின் நிறம், கடைசியாகக் கண்ட இடம், அன்று பக்கத்தில் நின்றவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் எழுதினேன். முடிவில், பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் ஏதும் போடவோ என்று கேட்டேன்.

“ஒண்டும் போடாத பிள்ளை. இடம் மட்டும் விடு.”

சகோதரிகளே, அமெரிக்கா போக எல்லோருக்கும் வாய்ப்பு வராது. ஆனால் ஒரு கொப்பி எல்லோர் வீட்டிலும் இருக்கும். உங்கள் பிள்ளையின், கணவரின், சகோதரத்தின் விபரங்களை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். பிரதி ஒன்றை வேறு வீட்டிலும் வையுங்கள். எங்கள் பெயர்களை எழுதும் சுவர் எப்போது வருமோ, அதுவரை அந்தக் கொப்பி இருக்கட்டும்.